செல்லச்சாமிக்கு வந்த நோய்

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துப் பட்டாசு ஆலையொன்றில் செல்லச்சாமி வெடிமருந்து கலப்பவர். 2004 சித்திரையில் அடுத்த அறை வெடித்தபோது உள்ளே ஓடிப்போய் நான்கு பேரைத் தூக்கி வந்தார். மூன்று பேர் அவர் கையிலேயே உயிரை விட்டார்கள். அவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ராசிக்காரன் என்றது ஊர்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். காய்ந்த தரையில் கால் உரசினால் பொறி பறக்கும் என்பார். சோறு கொதிக்கும் அடுப்பில் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்த்தார். தூக்கம் வரக் குடித்தார். பிறகு கை நடுக்கம் நிற்க விடிந்ததும் குடித்தார். ஆலை அவரை நிறுத்திவிட்டது. குடிகாரன் என்றார்கள். மனைவி பேச்சியம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். ஒருநாள் விளக்குமாற்றால் அடித்தேவிட்டாள். அவர் தடுக்கவில்லை.

"அடி. அடுப்ப மட்டும் பத்த வைக்காத தாயி."

அந்தக் குரலில் போதை இல்லை, பயம்தான் இருந்தது. மறுநாளே அவரை விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் கேட்டவர்களிடம் மஞ்சள் காமாலை என்றாள்.

மனநல மருத்துவர் ஒரு பெண். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது குணக்கேடு இல்லம்மா. பார்த்தது மனசுல நின்னு நோயாயிருச்சு. குடி அதுக்கு மேல வந்த இன்னொரு நோய். ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும். மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க."

பத்து நாள் படுக்க வைத்துக் குடியை நிறுத்தினார்கள். மாத்திரையோடு எட்டு மாதம் நன்றாக இருந்தார். மிளகாய் மண்டியில் மூட்டை தைத்தார். அப்போதுதான் மகள் பொன்மணிக்குச் சம்பந்தம் கூடிவந்தது. பேச்சியம்மாளின் அண்ணன் சங்கரபாண்டியன் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு சிக்கியது.

"கிறுக்குக்குத் திங்கிற மாத்திரையா ஆத்தா இது? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா நம்ம பிள்ளைய எவன் கட்டுவான்? கல்யாணம் முடியிற வரைக்கும் இதெல்லாம் இங்கன இருக்கக் கூடாது."

"நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகளேண்ணே."

"ரெண்டு மாசந்தான."

பேச்சியம்மாள் மாத்திரைகளை எடுத்து அண்ணனிடம் கொடுத்தாள். அன்றோடு செல்லச்சாமிக்கு மாத்திரை நின்றது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் சரவெடி கொளுத்தினார்கள். செல்லச்சாமி குடத்தோடு ஓடிவந்து வெடி மேலும் மாப்பிள்ளை மேலும் கொட்டினார். "மாமனாருக்குக் காலையிலயே ஏறிருச்சு" என்று கூட்டம் சிரித்தது. அன்று காலை அவர் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்கவில்லை. சாயங்காலம் குடித்தார். மூன்றாம் நாள் கண்மாயில் பிணமாகக் கிடந்தார். தவறி விழுந்தாரா, தானாக இறங்கினாரா, யாருக்கும் தெரியாது.

"போதையில வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லிருவோம்," என்றார் சங்கரபாண்டியன்.

பேச்சியம்மாள் அழுகையை நிறுத்தினாள். துக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இல்லண்ணே. அவுகளுக்கு மனசுல நோயி. மாத்திரை குடுத்தா கேட்டுச்சு. நாமதான் நிறுத்துனோம். நீயும், நானும்."

அண்ணன் அதன்பின் அவள் வாசலை மிதிக்கவில்லை. கிறுக்குப் பிடித்த வீட்டோடு ஒட்டு வேண்டாமென்று மாப்பிள்ளை வீட்டார் பொன்மணியை இரண்டு வருடம் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், அதே ஆலையில் வெடிக்கட்டு ஒட்டும் குருவம்மாள் கொல்லைப்பக்கமாக வந்தாள். அந்த டாக்டர் என்னைக்கு இருப்பாக என்று மெதுவாகக் கேட்டாள். அடுத்த வாரம் இன்னொருத்தி அதே வழியாக வந்து அதையே கேட்டாள். குருவம்மாள் தன் புருஷனை அழைத்துப் போனாள். மற்றவள் கடைசிவரை போகவில்லை.