வடக்கு ஸ்டாண்டுக்கு டிக்கெட் கிடையாது

இது நிஜமாக நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நடுராத்திரி, நாய் ஊளை, கிரீச்சென்று திறக்கும் கதவு எதுவும் இதில் வராது. எல்லாம் பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் ஆரம்பித்தது.

நான் ஒரு கால்பந்து கிளப்பின் பஸ் டிரைவர். நடந்தது எனக்கல்ல, எங்கள் பெட்டியண்ணனுக்கு. ஜெர்சி, பூட்ஸ், டவல், பந்து என்று அணியின் மொத்தச் சாமானையும் பெட்டி பெட்டியாகச் சுமந்துபோய், துவைத்து, மடித்து, மாட்டி வைப்பது அவர் வேலை. அதனால் அந்தப் பேர். கதை விடத் தெரியாத மனுஷன். சின்னப் பொய் சொன்னாலும் காது ரெண்டும் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். இதை என்னிடம் சொன்ன அன்றைக்கு அவர் காது வெளுத்துக் கிடந்தது.

எங்கள் கோல்கீப்பர் அவருடைய மச்சினன். கையும் காலும் நீளம், அதனால் கொக்கு என்று கூப்பிடுவோம். பந்து பிடிப்பதில் கெட்டிக்காரன். வாய்தான் சரியில்லை. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டம் ஒன்று சொன்னால் இவன் திரும்பி நின்று ரெண்டாகக் கொடுப்பான். கோல்கீப்பருக்கு முதல் பாடமே அதுதான். பின்னால் திரும்பாதே, பதில் பேசாதே. இவனுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. போன சீசனில் ஒரு தடவை சஸ்பெண்ட். இன்னொரு தடவை கூட்டத்தோடு வாய்ச்சண்டை போட்டால் சீட்டைக் கிழித்துவிடுவோம் என்று கிளப் செயலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

கொக்கு அக்கா வீட்டிலேயே வளர்ந்தவன். அந்த அக்காதான் பெட்டியண்ணனின் மனைவி, எனக்கு அண்ணி. சம்பவம் நடந்த அன்று காலை ஆட்டத்துக்கு நாங்கள் கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

“அவன் வாயக் கொஞ்சம் கட்டி வச்சு, முழுசா வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு” என்றார்.

“நான் பாத்துக்கறேன்” என்றார் பெட்டியண்ணன்.

ஆட்டம் எதிரணியின் சொந்த ஸ்டேடியத்தில். பழைய இடம். பக்கத்து மில் தொழிலாளிகள் ஷிப்ட் முடிந்து வந்து, தாங்களே மண் சுமந்து, மரம் அறுத்துக் கட்டிய மைதானம். அதனால் அது அவர்களுக்குச் சொந்த வீடு மாதிரி. வேறு அணி அங்கே காலடி வைப்பதே அவர்களுக்குப் பிடிக்காது. வெளியணிக்குக் கொடுக்கும் டிரெஸ்ஸிங் ரூமில் ஜன்னல் கிடையாது. பெஞ்சு முழங்கால் உயரம்கூட வராது. குழாயைத் திறந்தால் துருத் தண்ணீர். சரிசெய்யத் தெரியாமல் இல்லை. வந்தவன் எரிச்சலோடு உட்கார வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதில் பெருமை வேறு!

ஆட்டம் நாலு மணிக்கு. ஒரு மணிக்கே பெட்டியண்ணனையும் பெட்டிகளையும் அங்கே இறக்கிவிட்டு, சாப்பாட்டுக்காக அதே ஊர் லாட்ஜில் விட்டிருந்த வீரர்களைக் கூட்டிவர நான் திரும்பிவிட்டேன்.

அவர் ஜெர்சிகளை வரிசையாக மாட்டினார். கொக்குவின் மஞ்சள் ஜெர்சியைக் கடைசிக் கொக்கியில், முதுகு நம்பர் வெளியே தெரிகிற மாதிரி மாட்டினார். அறையைப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கோல் கம்பத்தருகே வைக்க வேண்டிய தண்ணீர் பாட்டிலும் டவலுமாக மைதானத்துக்குள் போனார்.

வெயில். ஆள் நடமாட்டம் இல்லை. புல்லுக்குத் தண்ணீர் விடும் மைதானக்காரர் மட்டும் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார்.

வடக்குப் பக்க ஸ்டாண்டு மட்டும் வித்தியாசமாக இருந்தது. மேலிருந்து கீழ்வரை எல்லா இருக்கைகளையும் மூடி, கிளப்பின் நிறத்தில் ஒரே பெரிய துணி. டிவியில் பார்த்தால் ஏதோ அலங்காரம் என்று தோன்றும்.

“அங்க ஏன் துணி போத்தி வச்சிருக்கீங்க?”

“அந்தப் பக்கம் டிக்கெட் விக்கிறதில்ல.”

“ஏன்?”

“விக்கிறதில்ல.”

அவ்வளவுதான். மைதானக்காரர் குழாயோடு அந்தக் கோடிக்குப் போய்விட்டார். நல்ல வரவேற்பு என்று நினைத்துக்கொண்டு பெட்டியண்ணன் வடக்குக் கோலுக்கு நடந்தார். கம்பத்தின் பக்கத்தில் பாட்டிலை வைக்கக் குனிந்தார்.

பின்னால் யாரோ காறினார்கள்.

க்ர்ர்ர்... த்தூ.

திரும்பினார். யாரும் இல்லை. மைதானக்காரர் எங்கோ தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மணி ஒன்று ஐம்பது.

முதல் வரிசையில் ஒரு இருக்கையின் மேல் துணி மெல்ல உள்ளே இறங்கியது. ஒரு பள்ளம். காற்று என்று சொல்லிக்கொண்டார். ஆனால் காற்று அடித்தால் துணி மேலேதானே எழும்?

பக்கத்து இருக்கையிலும் துணி இறங்கியது.

அதற்குப் பக்கத்திலும்...

வரிசை முழுக்க. அப்புறம் இரண்டாவது வரிசை. மூன்றாவது. தாமதமாக வந்தவர்கள் இடம் தேடி உட்காருவது போல, அங்கொன்றும் இங்கொன்றுமாக, மேல் படி வரைக்கும் பள்ளங்கள்.

பிறகு அசைவே இல்லை.

பிறகு அடித்தொண்டையிலிருந்து, எல்லாம் சேர்ந்து...

ஊ......

பெட்டியண்ணன் பாட்டிலையும் டவலையும் அப்படியே போட்டார். ஓடவில்லை. ஓடினால் துரத்துவார்கள் என்று தோன்றியதாம். முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். நடுக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் திரும்பினார். நேராக டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தார்.

எல்லா ஜெர்சியும் மாட்டியபடியே இருந்தது. கொக்குவின் ஜெர்சி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தது.

அதைத் திருப்பினார்.

முதுகு முழுக்க எச்சில். காயாத எச்சில். நம்பரின் மேல் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னல் இல்லாத அறை. சாவி அவர் பையில்.

என்ன செய்வார், பாவம்? கோச்சிடம் சொன்னால் ஒன்று சிரிப்பார், இல்லை கொக்குவை உட்கார வைத்துவிட்டு அடுத்தவனை இறக்குவார். ஒரு ஆட்டம் உட்கார்ந்தால் அந்த இடம் போயே போய்விடும். வாயை மூடிக்கொண்டு அந்தத் துருத் தண்ணீரில் ஜெர்சியைக் கசக்கிப் பிழிந்தார்.

முதல் பாதியில் கொக்கு தெற்குக் கோலில் நின்றான். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பக்கமும் நிறைந்திருந்த கூட்டம் வழக்கம்போலத் திட்டியது, அவன் கண்டுகொள்ளவில்லை. இடைவேளையில் பெட்டியண்ணன் அவனைத் தனியாக இழுத்துப் பிடித்தார்.

“இனிமே வடக்குக் கோல். பின்னாடி என்ன கேட்டாலும் திரும்பாத. புரியுதா?”

“அந்தப் பக்கம்தான் யாரும் இல்லையே மாமா.”

“அதனாலதான் சொல்றேன்.”

கொக்கு சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி. நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ரெஃப்ரி விசில் ஊதினார். எதிரணிக்காரன் உதைத்தான். கொக்கு இடது பக்கம் பறந்து, விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டான்.

ஸ்டேடியமே வாயடைத்துப் போனது.

அந்த அமைதியில் கொக்கு மெல்லத் திரும்பினான். துணி போர்த்திய ஸ்டாண்டைப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

“வாங்கடா! தைரியம் இருந்தா வீட்டுக்கு வாங்கடா! அங்க வச்சுப் பாத்துக்கலாம்!”

ரெஃப்ரி ஓடி வந்தார். “யாரத் திட்ற?”

கொக்கு கையைக் காட்டினான். ரெஃப்ரி பார்த்தார். துணி. வெறும் துணி. “தலையில ஏதாவது அடிபட்டுச்சா?” என்று கேட்டுவிட்டு, கார்டைத் தொடாமலே போய்விட்டார்.

பெட்டியண்ணன் மட்டும் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தனை பள்ளங்களும் ஒரே சமயத்தில் மேலே வந்தன.

துணி சமமாகிவிட்டது.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள்...

ஜெயித்தோம். பஸ்ஸில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது மைதானக்காரர் வந்தார். மதியம் பேச்சுக்கே காசு கேட்பவர் மாதிரி இருந்த ஆள், இப்போது தானாகவே வந்து பெட்டியண்ணன் கையைப் பிடித்தார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

“உங்க பையன் அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினானே, என்ன சொன்னான்?”

பெட்டியண்ணன் சொன்னார். அந்த மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு விஷயத்தை உடைத்தார். அந்த ஸ்டாண்டு ஒரு காலத்தில் மரத்தில் இருந்ததாம். ஒரு இறுதி ஆட்டத்தில் வெளியூர் கோல்கீப்பர் கடைசி நேரப் பெனால்டியைத் தடுத்துவிட்டான். அவனைத் திட்ட வேண்டும் என்று ஸ்டாண்டு மொத்தமும் எழுந்து கீழே கம்பி வரை ஓடி வந்திருக்கிறது. பாரம் தாங்காமல் மரம் முறிந்து மொத்தமாகச் சரிந்துவிட்டது. அடியில் போனவர்கள் யாரும் பிழைக்கவில்லை. அப்புறம் கான்கிரீட்டில் கட்டினார்கள். திறந்த அன்றே அங்கே டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள் பாதி ஆட்டத்தில் இறங்கி ஓடிவிட்டார்கள். யாரோ மடியிலேயே உட்காருகிறார்கள் என்றார்களாம்.

“திட்டிக்கிட்டே செத்தவங்க. இன்னும் திட்டி முடிக்கல” என்றார் மைதானக்காரர். “வர்ற கீப்பர் எல்லாருக்கும் கேக்கும். யாரும் இதுவரைக்கும் பதில் சொன்னதில்ல. இவன் பதில் சொன்னதுமில்லாம...”

முடிக்காமலே போய்விட்டார்.

பஸ் கிளம்பியது. பெட்டியண்ணன் எனக்குப் பின் சீட்டில். அவர் பக்கத்தில் கொக்கு.

“மன்னிச்சுக்கோ மாமா. என்னையத் திட்டினப்போ சும்மாதான் இருந்தேன். ஒருத்தன் அக்காவப் பத்தி அசிங்கமா பேசினான். அவ பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?”

ஏழு நாற்பதுக்குப் பெட்டியண்ணன் போன் அடித்தது. அண்ணி. பெட்டியண்ணன் எப்போதும் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவார். எனக்கு எல்லாம் கேட்டது.

“ஏங்க, எப்ப வருவீங்க?”

“ஒன்பதாகும். ஏன்?”

“தம்பியப் பாக்க ஆளுங்க வந்திருக்காங்க.”

“யாரு?”

“தெரியல. நிறையப் பேரு. அவன்தான் வரச் சொன்னானாம்.”

“கதவத் திறக்காத.”



“உள்ளதான் உக்காந்திருக்காங்க” என்றார் அண்ணி.

“வெளிய வா. இப்பவே வெளிய வா!”

“எப்படி வர்றது? வழியெல்லாம்...”

அவர் குரல் சன்னமாகிவிட்டது.

“...வழியெல்லாம் உக்காந்திருக்காங்க.”

அவருக்குப் பின்னால், அடித்தொண்டையில்...

ஊ......

லைன் கட்டானது.

அன்று நான் ஓட்டின வேகத்தில் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னால் முடியாது. வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. எல்லா விளக்கும் எரிந்தது. அண்ணி சமையலறை மூலையில், ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வீட்டில் யாரும் இல்லை. அறுத்த மரத்தின் பழைய தூள் வாசனை மட்டும் மூக்கை அடைத்தது.

“போயிட்டாங்களா?” என்று பெட்டியண்ணன் கேட்டார்.

அண்ணி இல்லையென்று தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் பார்க்கப் போனேன். கொக்கு தண்ணீர் கொண்டுவந்தான். டம்ளர் கை நழுவியது.

டங்...

ஊ......

கூடத்திலிருந்து. படுக்கையறையிலிருந்து. என் பிடரிக்குப் பின்னாலிருந்து. என் காதால் கேட்டேன், யாரும் சொல்லிக் கேட்கவில்லை. கொக்கு குனிந்து டம்ளரை எடுத்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“எது கீழ விழுந்தாலும் இப்படித்தான். ராத்திரியெல்லாம் அக்கா பேரச் சொல்லித் திட்டுறாங்க. அக்கா தூங்கியே நாளாச்சு” என்றான்.

வீடு மாற்றிப் பார்த்தார்கள். அதுவும் வீடுதானே? அங்கேயும் வந்துவிட்டார்கள். கொக்கு அதற்கப்புறம் பந்தைத் தொடவில்லை. அக்காவைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போகவும் அவனுக்கு மனசில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அடக்கியிருந்தால்! பெட்டியண்ணன் வேலையை விட்டுவிட்டார்.

அடுத்த சீசனில் அதே ஸ்டேடியத்துக்கு அணியைக் கூட்டிக்கொண்டு போனேன். வடக்கு ஸ்டாண்டில் துணி இல்லை. இருக்கைகளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மைதானக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்த முகமாக ஓடி வந்தார்.

“இப்ப அந்தப் பக்கம் சத்தமே இல்லப்பா! போன வருஷம் நீங்க வந்துட்டுப் போனீங்களே, அன்னிக்கோட சரி. இந்த வாரம் டிக்கெட்டே விக்கிறாங்க. எங்க போனாங்களோ தெரியல, விட்டது தொல்லை” என்றார். பிறகு பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். “உங்க கோல்கீப்பர் எங்க? வரலையா?”

“வரல. வீட்டுல ஆளுங்க இருக்காங்க.”

“அப்படியா? எப்பப் போறாங்க?”

பெட்டிகளை இறக்க ஆரம்பித்தேன்.