வெட்டு வரைக்குமான எண்

சாரதாமணி தோற்றுக்கொண்டிருந்தாள். எவ்வளவு மெதுவாகத் தோற்பது என்பதுதான் அவள் கவலை.

பெருமாநல்லூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அவள் மெர்ச்சண்டைசர். ஆர்டரை வாங்கியதிலிருந்து சரக்கு கப்பலேறும்வரை எல்லோரையும் துரத்துகிற வேலை. அண்ணன் கந்தவேல் அனுப்பர்பாளையத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கல்லீரல் கெட்டுப்போய், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. செல்போனில் தங்கையோடு ஆடும் செஸ் மட்டும் நிற்கவில்லை. நாளுக்கு ஒரு நகர்வு. போனைத் தேடிக்கொண்டுதான் கண் விழிக்கிறார் என்று அண்ணி அபிராமி சொன்னாள். "இந்த ஆட்டம் முடியட்டும், அப்பறம் கெளம்பிக்கலாம்" என்றும் சொன்னாராம்.

பலகையில் அவருக்கு ராஜாவும் ராணியும். அவளுக்கு ராஜா, ஒரு குதிரை, ஒரு சிப்பாய். காய்கள் இவ்வளவு குறைந்துவிட்டால் முடிவைக் கணக்குப் போட்டு வைத்திருக்கும் தரவுத்தளம் இணையத்தில் உண்டு. காய்கள் நிற்கும் இடங்களைக் கொடுத்தால், இன்னும் எத்தனை நகர்வு என்று ஒவ்வொரு நகர்வுக்கும் எதிரே ஓர் எண் வரும். எதை ஆடினாலும் அவளுக்குத் தோல்விதான். குதிரையைப் பலிகொடுத்துச் சிப்பாயை ஓடவிடும் நகர்வுக்கு எதிரே ஒன்று என்றிருந்தது. குதிரையை ராஜாவோடு ஒட்டிவைக்கும் நகர்வுக்குத்தான் இருப்பதிலேயே பெரிய எண். அதைப் பிடித்துக்கொண்டாள்.

எண் இறங்க இறங்க அவள் ராஜா மூலைக்குப் போனது. கடைசியில் ராணி குதிரையை வெட்டியது. அவள் தன் பங்குக்கு ராஜாவை நகர்த்தினாள். அடுத்து அவர் ஆடினால் மேட், ஆட்டம் முடிந்துவிடும். இழுக்க முடிந்த அளவுக்கு இழுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கப் போனாள்.

"குதிரைய அன்னிக்கே குடுத்திருக்கலாமில்ல அம்மிணி?" என்றார் கந்தவேல்.

"ஒண்ணுன்னு போட்டிருந்துதுங்ண்ணா. ஒடனே முடிஞ்சிரும்னு நெனச்சேன்."

"எதுல போட்டிருந்துது?"

காட்டினாள். அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அபிராமி முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது.

"ஜெயிக்கறதுக்கு இதப் பாக்கறவங்க உண்டு. தோக்கறதுக்குப் பாத்தவ நீ ஒருத்திதான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இது மேட் வரைக்கும் எண்ணறதில்ல கண்ணு. அடுத்த வெட்டு வரைக்கும், இல்லீன்னா சிப்பாய் நகர்ற வரைக்கும். அத்தோட நிறுத்திட்டு மறுபடி மொதல்ல இருந்து எண்ணும். மேட் வரைக்கும் எண்ணறது வேற இருக்குது. நீ ஷிப்மெண்ட் கணக்குல படிச்சுட்டே. இது கட்டிங் கணக்கு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை நாள் என்று கேட்டால் கட்டிங் மேசையில் துணி வெட்டி முடிக்கும் நாளைத்தான் சொல்வார்கள். கப்பலேறும் நாள் அவர்கள் பாடு இல்லை. இத்தனை வருஷத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் அவள் கண் கப்பலுக்குத்தான் போயிருக்கிறது.

"குதிரையக் குடுத்திருந்தா?"

"சிப்பாயத் தொரத்திப் புடிக்கோணும். அதுக்கப்பறம்தான் மேட்டு. நல்லா இழுத்திருக்கும்."

"எவ்வளவு நாளுங்ண்ணா?"

"அத இப்பப் போய்ப் பாக்காதே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "புது ஆட்டம் ஒண்ணு போடலாங்களா?" என்றாள்.

"மொதல்ல இத முடி." வீங்கிய கையைத் தூக்கிக் காட்டினார். "வெரலு வரமாட்டீங்குது. நீயே போடு."

அவர் போனை வாங்கி, அவருடைய ராணியை எடுத்துத் தன் ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் பைக்குள் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது.

கந்தவேல் திரையைப் பார்த்தார். "செரி" என்றார். போனைக் கட்டிலோரமாக வைக்கச் சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.