காலையில் மட்டும் இருமிய கார்

சமையலறை அலமாரியில் மற்ற டம்ளர்களோடு சேர்க்காமல் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. வேலைக்கு வரும் பெண் அதில் காப்பி ஊற்றப் போனால் தடுத்துவிடுவேன். காரணம் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவிக்குச் சிறுநீரகங்கள் பழுதாகி, வாரத்தில் மூன்று காலைகள் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்த காலம் அது. கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அவள் நோயையும் ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டேன். உப்புக்கு அளவு, உறக்கத்துக்கு அளவு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீருக்கு அளவு. காலைக்கு இந்த டம்ளரில் பாதி. முந்தின இரவே ஊற்றி, மூடி, அவள் தலைமாட்டில் வைத்துவிடுவேன். தாமதமாகப் போனால் மெஷினில் கிடக்கும் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். குறைந்தால் ராத்திரி அவளுக்கு மூச்சு முட்டும். அந்தப் பயத்தில், எழுந்திரு, மாத்திரை, செருப்பு என்பதற்கு மேல் நான் அவளிடம் வேறு பேசியதாக நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கார் மக்கர் செய்யத் தொடங்கியது. பழைய பெட்ரோல் வண்டி. சாவியைத் திருகினால் கிளம்பும். உடனே உடம்பெல்லாம் உதறி, இருமி, அணைந்துவிடும். மழைக்காலத்தில் முதல்முறை இப்படி ஆனபோது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தார். போர்ட்டிகோ ஒழுகி, என்ஜின் மேலே, தீப்பொறி தரும் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் இறங்கியிருந்தது. "ஒரு பிளக் அடிக்கல சார், அதான் உதறுது. தண்ணி காஞ்சா பொறவு ஓடிரும். வண்டிக்கு ஒண்ணும் கெடுதல் இல்ல" என்று சொல்லி, பிளக்குகளின் ரப்பர் மூடிகளைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார். அவள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மழை போய் வெயில் வந்த பிறகும் இருமல் நிற்கவில்லை. பிளக் மாற்றினோம், பெட்ரோல் பில்டர் மாற்றினோம். ஒரு ராத்திரி வண்டியை ஒர்க் ஷாப்பிலேயே விட்டுப் பார்த்தோம். காலையில் முதல் திருகலிலேயே கிளம்பியது. மெக்கானிக் சிரித்தார். "எங்ககிட்ட படுத்தா ஒழுங்கா எந்திரிக்கி சார். நீங்கதான் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கிய." அதைக் கேட்டு அவளும் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஆட்டோ பிடிக்கலாம் என்றால் வேண்டாம் என்பாள். "அது தூக்கித் தூக்கிப் போடும். என் இடுப்பு தாங்காது. செத்த நேரம் பாப்போம்." பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு இருவரும் படியில் உட்காருவோம். எனக்குச் செய்ய வேறொன்றும் இருக்காது. ஆகவே பேசுவேன். நான் கார் ஓட்டப் பழகும்போது மாட்டுவண்டிக்குப் பின்னால் ஹார்ன் அடிக்கத் தெரியாமல் வன்னியம்பட்டிவரை ஊர்ந்து போனதை அவள் எடுத்துவிடுவாள். "மாடு திரும்பிப் பாத்துச் சிரிச்சிச்சு" என்பாள். அரைமணியில் வண்டி சரியாகிவிடும். நான் மறுபடி கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவேன்.

கடைசியில் மெக்கானிக் ஒரு டயாலிசிஸ் நாளில் விடிந்ததும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சாவியைத் தொடவிடாமல் பானெட்டைத் தூக்கினார். ஒரு ரப்பர் மூடியைக் கழற்றி, குழிக்குள் துணியை விட்டு எடுத்தார். துணி சொட்டியது.

"இது தானா எறங்கின தண்ணி இல்ல சார். யாரோ மூடியத் தூக்கிட்டு ஊத்திட்டு, திரும்ப மாட்டி வச்சிருக்காவ."

பக்கத்து வீட்டுக்காரரோடு வண்டி நிறுத்தும் தகராறு இருந்தது. வேறு யார் மேலும் எனக்குச் சந்தேகம் தோன்றவில்லை. என் மனைவியின் உயிரோடு விளையாடுகிறான் என்று கத்திக்கொண்டே கேட்டைத் திறந்தேன்.

"ஏங்க, அங்க போகாதிய" என்றாள் பின்னாலிருந்து. "நான்தான் ஊத்தினேன்."

திரும்பிப் பார்த்தேன். படியில் நின்றிருந்தாள். கையில் இந்த டம்ளர். குழாயைத் திறந்தால் சத்தத்தில் நான் விழித்துக்கொள்வேன் என்று, நான் அளந்து வைத்த குடிதண்ணீரையே கொண்டுபோயிருக்கிறாள். நாக்கு வறண்டு, ஐஸ் துண்டு ஒன்று கேட்டாலும் நான் கணக்குப் பார்த்துக் கொடுத்த தண்ணீர் அது.

"சாகணும்னு ஆசையா ஒனக்கு?" மெக்கானிக் நிற்கிறார் என்றும் பாராமல் கத்தினேன்.

"சாகவா ஊத்தினேன்? அரைமணி லேட்டானா ஒண்ணும் ஆயிராது. வண்டி கெளம்பாத அன்னைக்குத்தான நீங்க என் பக்கத்துல உக்காந்திய."

மெக்கானிக் துணியைப் பிழிவதற்காகத் தெருப்பக்கம் போய்விட்டார். நான் அவள் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி வீசினேன். அது பானெட்டின் ஓரத்தில் இடித்துக் கீழே உருண்டது.

அடுத்த முறையிலிருந்து அரைமணி முன்னதாக எழுந்து அவளோடு படியில் உட்கார்ந்திருக்கலாம். ஆயுள் முழுவதும் கணக்குப் போட்டவனுக்கு இந்த விடை தெரியவில்லை. அதுவரை பூட்டாமலே நின்ற காரைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அதன் பிறகு வண்டி ஒரு நாளும் உதறவில்லை. நேரம் தவறாமல் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த மழைக்காலம் வருமுன் போய்விட்டாள். அன்றும் நேரத்துக்குத்தான் கொண்டுபோயிருந்தேன்.

இப்போது எங்கும் போவதில்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று தினமும் காலையில் ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறேன். இன்று அந்த டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். பானெட்டைத் தூக்கி, ரப்பர் மூடியைக் கழற்றி, ஊற்றி, மாட்டினேன். சாவியைத் திருகினேன். வண்டி உதறியது, இருமியது, அணைந்தது. டம்ளரோடு வந்து படியில் உட்கார்ந்தேன். பேச அரைமணி இருந்தது.