பான்யாவில் படுத்திருந்த ஓமுல்

ஸ்லுத்யான்கா ஸ்டேஷனில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்தால் உள்ளே பேரன் இருப்பதாக நினைக்க வேண்டாம். கம்பளிக்குக் கீழே புகை போட்ட ஓமுல் மீன் இருக்கும். தள்ளுகிறவள் என் பக்கத்து வீட்டு ரிம்மா. சலவைக்கல் குவாரியில் முதுகு போனபின் அவளுக்கு மிஞ்சிய பிழைப்பு அந்த மீனும், ரயில் பயணிகளுக்கு விடும் ஓர் அறையும்தான். பைக்கால் ஏரியில் ஓமுல் பிடிக்கத் தடை வந்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் அவளுக்குச் சந்தேகம்.

செப்டம்பரில் பெர்மிலிருந்து மூன்று நண்பர்கள் வந்தார்கள். விளாடிவஸ்தோக் போகிற வழியில் ஏரியைப் பார்க்க இறங்கியவர்கள். பையை வைத்ததும் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். "நல்ல புகை வாசனை. ஓமுலா?"

ரிம்மா என் வேலிக்கு ஓடிவந்தாள்.

"மீன் ஆபீஸ் ஆளுங்கடி. மூணு பேரு கால்லயும் புது பூட்ஸு. ரயில்ல வந்த ஆம்பளைங்க, ஒருத்தன் வாயிலயும் சாராய வாடை இல்ல!"

"மீனை எங்க வெச்ச?"

"பான்யாவுல. குளிக்கிற எடத்துல எவன் தேடுவான்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நாள்கணக்கில் ரயிலில் கிடந்தவன் இறங்கியதும் வேறு எதைக் கேட்பான்? கொல்லையில் விறகடுப்பு மூட்டி வேர்க்க வேர்க்கக் குளிக்கிற அந்தக் குடிசையைத்தான்.

கேட்டுவிட்டார்கள்.

"ரிம்மா அத்தை, பான்யாவைச் சூடு பண்ணுங்க. நாறிப்போய்க் கெடக்கோம்."

"அடுப்பு ஒடைஞ்சு கெடக்கு."

"அடடா, நான் அடுப்பு கட்டுறவன்தான்!" என்றார் யெவ்சேய், மூவரில் பருத்தவர். "இப்பவே பாத்துடறேன்."

"தரை அழுகியிருக்கு. விழுந்து செத்தா நான் பொறுப்பில்ல."

இப்போது சந்தேகம் அவர்கள் பக்கம் தாவியது. பான்யா தர மறுக்கிற வீட்டுக்காரியை யார் கண்டிருக்கிறார்கள்?

"உள்ள புருஷனை வெட்டிப் போட்டிருக்கீங்களா அத்தை?"

"அவன் நோரில்ஸ்க்ல இன்னொருத்தியோட இருக்கான். ஒனக்கென்ன?"

யெவ்சேய் அதற்குள் கதவைத் திறந்துவிட்டார். வேர்க்க உட்காரும் பலகைகளில் வரிசையாக ஓமுல். அவர் திரும்பிக் கேட்டார்: "இவங்க குளிச்சு முடிச்சுட்டா நாங்க போலாமா?"

நண்பர்கள் சிரித்தார்கள். ரிம்மா சிரிக்கவில்லை. சிரித்துப் பேசி மாட்டிவிட்ட அதிகாரிகளின் கதை எங்கள் ஸ்டேஷனில் நிறைய உண்டு. அவள் ரொட்டியும் கத்தியும் கொண்டுவந்து மீனைக் கிழித்து வைத்தாள்.

"சாப்புடுங்க. என் கண்ணு முன்னால."

தின்றவன் காட்டிக்கொடுக்க மாட்டான் என்பது அவள் கணக்கு. இருவர் விரலை நக்கினார்கள். ஒல்லியான க்ளேப் மட்டும் தட்டை நகர்த்தினார்.

"உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு அத்தை. ரத்தக் கொதிப்பு."

"எந்த டாக்டர்? ஆபீஸ் டாக்டரா?"

"நெஜமாத்தான்."

"கொதிக்கட்டும். தின்னு."

"தின்னு தொலைடா," என்றார் யெவ்சேய். "எனக்கு ஒடம்பெல்லாம் அரிக்குது."

க்ளேப் ஒரு துண்டை வாயில் போட்டார். அவர் தொண்டை ஏறி இறங்கும்வரை ரிம்மா கண் இமைக்கவில்லை. அதன்பிறகுதான் மீனை வாரி எடுத்துவிட்டு அடுப்பில் விறகை அடுக்கினாள்.

புகைபோக்கியில் புகை கிளம்பியதும் வேலிக்கு வந்தாள்.

"ரெண்டாவது துண்டை அந்த ஒல்லிப்பயலே கேட்டு வாங்கினான்டி," என்றாள். "இனி பயமில்ல."