மாப்பிள்ளையின் கையில் இருந்த தேள்

சோற்றைப் பிசையப் பிசைய அவர் கையில் இருந்த தேள் நடந்தது. என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த அவர், கிள்ளான் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே லயத்து வீட்டில், வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, இலைக்கு முன்னால் குனிந்திருந்தார். முன்கையில் பச்சை குத்திய தேள், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, விரல் அசையும்போதெல்லாம் மணிக்கட்டைப் பார்த்து ஊர்ந்தது. ரசம் ஊற்ற வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். என் கை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தது. ரசம் இலையைத் தாண்டி அவர் மடியில் ஓடியது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு படத்துக்கு ஏன் அப்படிப் பயந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று சிலரைச் சொல்வார்கள். நான் ஒதுங்கியிருக்கிறேன், மழை விட்டதும் வந்துவிட்டேன். அதனால் ரயில் பட்டறையில் எனக்குக் கிடைத்தது வாயால் செய்கிற வேலை. புது ஆள் சேரும்போது, பின்னால் ஓடிப்போனால் பிடிக்க வசதியாக, அவன் உடம்பில் உள்ள மச்சம், தழும்பு, பச்சைக்குத்து எல்லாவற்றையும் கணக்கெழுதும் கிராணி பேரேட்டில் எழுதிக்கொள்வார். ஆளின் கையைத் தூக்கிப் பார்த்து, "வலது கை, மயில்! இடது புஜம், வேல்!" என்று கூவுவது நான். கூவிக் கூவி எனக்கும் ஒரு படிப்பு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வேல் குத்தியவன் தைப்பூசத்துக்குப் பத்துமலை போக லீவு கேட்பான், மயில் குத்தியவன் கண்ணாடியை விட்டு நகரமாட்டான், தேள் குத்தியவன் ஓடிப்போவான் என்று சேர்த்துக் கூவ ஆரம்பித்தேன். யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "கையில என்ன கிடக்கெண்டு மட்டும் சொல்லு. மனசில கிடக்கிறத உன்னட்ட ஆர் கேட்டது?" ஆனால் தேள் குத்திய மூன்று பேர் நிஜமாகவே ஓடியிருந்தார்கள். அதற்குப் பிறகு என் வாயை யார் அடைக்க முடியும்? லயத்தில் பெண் கொடுக்கிறவர்கள்கூட மாப்பிள்ளையின் கையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஜோசியர் கேட்கிற தட்சணை நான் கேட்கவில்லை. சாப்பாடு போட்டால் போதும்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. தங்கச்சிக்கு நான்தான் பெரியவன். "தேள் குத்துன ஆளு ஒரு இடத்துல நிக்கமாட்டான்லா. பொண்ணக் குடுத்துட்டு நான் ஹார்பர்ல கப்பல் கப்பலா ஏறித் தேடணுமா?" என்று சொல்லி, மறுநாளே வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டேன். தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் பேசவில்லை. அவள் கழுவிய பாத்திரங்கள்தான் பேசின. பத்து நாள் கழித்து, அதே ஆளுக்கு ஜெஞ்சாரோமில் பெண் பார்த்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அன்று அவள் வாயைத் திறந்தாள்.

"ஓடுனாங்கன்னியே மூணு பேரு, அவங்களுக்கு என்ன வேல குடுத்தாங்க?"

"பாய்லருக்குள்ள இறங்கிச் சுரண்டுற வேல."

"உன்ன உள்ள விட்டா நிப்பியா?"

"மத்தியானம் வரைக்கும் நிப்பேன்."

"அப்ப உன் கையில எங்கண்ணே தேளு?"

நான் கையைப் பார்த்தேன். சொறிதான் இருந்தது.

"அவர் மேல அவ்வளவு ரசத்த ஊத்துன. மனுசன் மூஞ்சி சுளிக்கல. தரையில சிந்துனதத் தன் துண்டால தொடச்சுட்டுத்தான் எந்திரிச்சாரு. வீடே பாத்துச்சு. நீ மட்டும் தேளையே பாத்துக்கிட்டு நின்ன."

அன்றிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பட்டறையில் ஒருவனுடைய வலது கையைத் தூக்கிக்கொண்டு இடது கை என்று கூவினேன். வியாழக்கிழமை வேலையைப் போட்டுவிட்டுக் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. நின்றால் ரயில் சீக்கிரம் போகும் என்று ஒரு நினைப்பு. ஹார்பரில் சரக்குக் கிட்டங்கியில் அவர் அரிசி மூட்டையை முதுகில் வைத்து வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கினார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "அந்தத் தேளு எதுக்குங்க?" என்றுதான் கேட்டேன்.

"எங்கண்ணன் சின்ன வயசுல தேள் கொட்டிச் செத்துட்டான். தேள் குத்தியிருந்தா தேளு அண்டாதுன்னு சொல்லுவாங்க. இருக்குற ஒண்ணாவது பொழைக்கட்டும்னு எங்கம்மா குத்திவிட்டாங்க. நான் ஓடாம இருக்கக் கால் மேல ஏறி உக்காந்துக்கிட்டாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க தங்கச்சியும் தேளப் பாத்துத்தான் வேணாம்னுச்சா?"

"அது தேளப் பாக்கலைங்க. நீங்க தரையத் தொடச்சதப் பாத்துருக்கு. வேணாம்னது நான்."

அவர் துண்டைத் தோளில் போட்டார். பிறகு மூட்டைமேல் கை வைத்தார். "இதக் கொஞ்சம் தூக்கி விடுங்க. ஜெஞ்சாரோமுக்கு வரலைன்னு ஆள் அனுப்பணும்." தூக்கிவிட்டேன். என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

கல்யாணம் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் அந்த ஹார்பரை விட்டு நகரவில்லை. இதற்குள் பட்டறையை விட்டு இரண்டு தடவை ஓடியவன் நான். பேரேட்டில் என் அடையாளம் என்ன எழுதியிருக்கிறதோ தெரியாது. கிள்ளான் போனால் தங்கச்சி வீட்டில்தான் சாப்பாடு. அவர் வீட்டில் வெற்றுடம்போடு உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் தேளை நடத்திக் காட்டிக்கொண்டிருப்பார். வாசலில் என் குரல் கேட்டதும் எழுந்து உள்ளே போவார். முழுக்கைச் சட்டையை மாட்டி, மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வந்து, "வாங்க மச்சான்" என்பார். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. அந்தச் சட்டையோடுதான் சாப்பிட உட்காருவார். குழம்பில் சட்டைக் கை நனையும். தங்கச்சி என்னைப் பார்ப்பாள். நான் இலையைப் பார்ப்பேன்.