கிலியம்மாவின் பங்குக்கு ஒரு பயம்

அந்த ஆஸ்பத்திரியின் மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர யாருக்கும் அது நினைவில்லை. எல்லாருக்கும் அவள் கிலியம்மா. மற்றவர்களுக்குப் பயம் வந்து போகிற விருந்தாளி என்றால், இவளிடம் அது பெட்டி படுக்கையோடு வந்து தங்கிவிட்ட உறவுக்காரன். மின்விசிறி சுற்றினால் கழன்று விழுமோ என்று பயம். சுற்றாவிட்டால் ஏன் சுற்றவில்லை என்று பயம். ஒருமுறை அவள் போட்ட அலறலில் சுவரில் இருந்த பல்லி வாலை மட்டுமல்ல, வீட்டையே விட்டுப் போய்விட்டது என்றும், அதற்குப் பிறகு அந்தத் தெருவிலேயே பல்லி கிடையாது என்றும் பக்கத்து வீட்டில் சத்தியம் செய்வார்கள். பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதி உண்மைதான்.

அவள் கணவன் டெய்லர், சாது. அவன் அசந்து தூங்கும்போது அவள் விரல் தானாக அவன் மூக்கருகே போகும். மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அவன் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் இருக்கேன், தூங்கு" என்பான்.

இப்படிப்பட்டவளை மயக்க மருந்துப் பிரிவில் யார் சேர்த்தது என்று கேட்பவர்கள் உண்டு. மனிதரை மூச்சு நிற்கும் எல்லைவரை கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற இடம் அது. ஆனால் அந்தப் பிரிவின் தலைவி டாக்டரம்மா வேறு மாதிரி நினைத்தார். பயமில்லாதவர்களைக் கண்டால்தான் அவருக்குப் பயம். அதனால் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். நோயாளிக்கு மயக்க ஊசி ஏறுவதற்கு முன்னால், மேசையைச் சுற்றி நிற்கும் ஒவ்வொருவரும் தன் மனதில் இருக்கும் பயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டாக்டரும் சொல்ல வேண்டும், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரும் சொல்ல வேண்டும். "எனக்கு ஒண்ணும் பயமில்லை" என்றால் வெளியே போகச் சொல்லிவிடுவார். சொன்ன பயத்தை அங்கேயே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து.

நல்ல வழக்கம்தான். ஆனால் நாள்பட நாள்பட என்ன ஆயிற்றென்றால், பங்காளிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டதுபோல அவர்கள் பயத்தைப் பிரித்துக்கொண்டார்கள். ரத்த அழுத்தம் விழுமோ என்பது டாக்டரம்மாவின் பயம். மருந்து ஒத்துக்கொள்ளுமோ என்பது நர்ஸின் பயம். ஆள் மேசையிலிருந்து உருண்டு விழுவாரோ என்று பயந்து வார்ப்பட்டையை இழுத்துப் பார்ப்பது ஸ்ட்ரெச்சர் அண்ணனின் பங்கு. சர்ஜன் எப்போதும், "சாப்பாடு ஆறிடுமோன்னு பயம்" என்பார். அவருக்கு மட்டும் விதிவிலக்கு. வாய் கிலியம்மாவுக்கு. "வாய்ல ஆடுற பல்லு, கட்டின பல்லு ஏதாச்சும் இருக்குமோன்னு பயமா இருக்கு" என்று சொல்லி, கையுறை போட்ட விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்ப்பாள். மயங்கியவருக்கு விழுங்கவும் தெரியாது, துப்பவும் தெரியாது. கழன்ற பல் தொண்டைக்குள் சறுக்கினால் காற்றுப் போகிற வழி அடைத்துக்கொள்ளும். அவள் பார்த்துக்கொள்வாள் என்பதால் மற்றவர்கள் வாயை நினைப்பதையே விட்டுவிட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அவளுடைய அக்காவுக்குப் பித்தப்பையில் கல் வந்தது.

அக்கா அவளுக்கு நேர் எதிர். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். அக்காவின் கணவர் ஸ்டூடியோ வைத்திருக்கும் போட்டோக்காரர். ஸ்டூடியோவின் கண்ணாடி ஜன்னலில், கல்யாணமான புதிதில் எடுத்த அக்காவின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. பல் தெரியச் சிரிக்கும் படம். "இந்தச் சிரிப்பு மாதிரி வரணும்" என்று சொல்லித்தான் அவர் எல்லாரையும் படம் எடுப்பார். பிற்பாடு அவர் வெளியூருக்குப் படமெடுக்கப் போயிருந்த ஒரு நாளில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். முன்பல் இரண்டும் போயிற்று. அவர் திரும்புவதற்குள் தங்கையை இழுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடி, கழற்றி மாட்டுகிற பல் இரண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கட்டியவர் கெட்டிக்காரர். பிறவிப் பற்கள் கொஞ்சம் கோணல், கட்டிய பற்கள் இரண்டும் முத்து. அன்றிலிருந்து அது அக்கா தங்கை இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்துப் பிரிவில் எல்லாவற்றையும் கேட்டுப் பரிசோதிக்கிற அறை ஒன்று உண்டு. அக்கா அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணவர் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். கிலியம்மா பின்னால் நின்றாள்.

"கட்டின பல்லு, ஆடுற பல்லு ஏதாவது இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எல்லாம் சொந்தப் பல்லு. எங்க பாட்டன் சொத்து."

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "ஆடலையே?"

"என்னை ஆட்டி வைக்கிறது என் தங்கச்சி ஒருத்திதான்."

டாக்டரம்மா சிரித்தார், கணவர் சிரித்தார். கிலியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அக்காவை ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். "அக்கா, டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்லிடறேனே. விளையாட்டு இல்ல, தொண்டையில போய் அடைச்சுக்கும்."

"வாயைத் திறந்தே, நான் ஆபரேஷனுக்கே வரமாட்டேன். கல்லோடயே இருந்துக்கறேன். அவருக்குத் தெரிஞ்சா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த ஜன்னலைத் தாண்டிப் போவேன்?"

"அத்தானுக்கு யார் சொல்லப் போறா?"

"ஆஸ்பத்திரியில ஒருத்தருக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. சொல்லமாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணு."

கிலியம்மா சத்தியம் செய்தாள். அவளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. தியேட்டரில் எப்படியும் தன் முறை வரும், தன் விரல் போகும், யாருக்கும் தெரியாமல் பல்லை எடுத்துக் கையுறைக்குள் சுருட்டிவிடலாம்.

ஆபரேஷன் நாள் காலையில் டாக்டரம்மா அவளை நிறுத்திவிட்டார். "நீ இன்னைக்கு உள்ள வராதே. சொந்த அக்கா. உனக்குச் சாதாரண நாள்லயே கை நடுங்கும். கண் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து ஆள் வரச் சொல்லிட்டேன்."

கண் தியேட்டரில் பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நோயாளி விழித்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருப்பார். தொண்டை என்ற ஒன்று இருப்பதை நினைக்க வேண்டிய அவசியமே அந்த ஆளுக்கு வந்ததில்லை.

கிலியம்மா தியேட்டருக்கு முந்தின அறைக்கு ஓடினாள். அக்கா பச்சை அங்கியோடு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நான் உள்ள வர முடியாது. இப்பவே கழட்டிக் குடு" என்று காதுக்குள் குசுகுசுத்தாள்.

"இவரை வச்சுக்கிட்டா? போடி. உள்ள போனதும் நானே கழட்டிக் கைக்குட்டையில முடிஞ்சுக்கறேன். அம்மா மேல சத்தியம்."

"என்ன ரகசியம், ரெண்டு பேரும்?" என்றார் அத்தான்.

"பொம்பளைங்க விஷயம்" என்றாள் அக்கா. ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கதவு ஆடி ஆடி மூடிக்கொண்டது.

தியேட்டர் வாசலில் ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு மேலே சுவரில் இன்டர்காம் பெட்டி, சிவப்புப் பொத்தானோடு. அவசரத்துக்கு மட்டும் அழுத்த வேண்டியது. அத்தான் அதற்கு நேர் கீழே உட்கார்ந்தார். கிலியம்மா உட்காரவில்லை. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் அவள் நின்றதே இல்லை. உள்ளே இருந்தால் பயத்துக்குக் கையில் வேலை இருக்கும். ட்யூபை எடுத்து வைக்கும், மாஸ்க்கைச் சரிபார்க்கும். வெளியே அதற்கு வேலையில்லை. வேலையில்லாத பயம் அவளையே தின்ன ஆரம்பித்தது.

அக்கா சத்தியம் செய்திருக்கிறாள், கழற்றியிருப்பாள். அக்கா சொன்னால் செய்வாள். இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு சுவரோரமாக நடந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு ஸ்ட்ரெச்சர் அண்ணன் வெளியே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "கிலியம்மா, நீ எதுக்கு இப்படிக் கிடந்து துடிக்கிறே? உங்கக்கா ராணி மாதிரி படுத்திருக்காங்க. படபடப்பு குறையறதுக்கு நர்ஸ் முன்னாடியே ஒரு ஊசி போட்டுச்சு பாரு, அப்புறம் ஒரே சொக்கல். எல்லாரையும் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறாங்க."

அவள் கால் நின்றுவிட்டது.

அந்த ஊசியை அவளுக்குத் தெரியும். போட்டால் கவலை போகும், கூடவே ஞாபகமும் போகும். போட்டுக்கொண்டவர்கள் சத்தியத்தை மட்டுமல்ல, சத்தியம் செய்த அம்மாவையே மறந்துவிடுவார்கள். பல் தெரியச் சிரித்தாளாம். கழற்றியிருந்தால் அக்கா சிரிக்கவே மாட்டாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உயிரை வேண்டுமானால் விடுவாள்.

"பயம் சொன்னாங்களா? உள்ள எல்லாரும் பயம் சொன்னாங்களா?"

"சொல்லாம? டாக்டரம்மா பிரஷர் சொன்னாங்க. நர்ஸ் மருந்து சொல்லுச்சு. நான் பட்டை."

"கண் தியேட்டர்க்காரர்?"

"ஆக்சிஜன் பைப்பு."

"வாயை யார் சொன்னது?"

ஸ்ட்ரெச்சர் அண்ணன் யோசித்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. "வாய்... அது உன் பங்குல்ல?"

கிலியம்மா இன்டர்காம் பக்கம் திரும்பினாள். சிவப்புப் பொத்தான் ஓர் எட்டில் இருந்தது. அதன் கீழே அத்தான், காலாட்டிக்கொண்டு. பொத்தானை அழுத்தினால் அவர் காதுக்குள்தான் சொல்ல வேண்டும். அம்மா மேல் செய்த சத்தியம், ஜன்னலில் தொங்கும் படம், இனி அக்கா ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்ற நினைப்பு, எல்லாம் ஒன்றாக வந்து கையைப் பிடித்தன. அக்காவின் தொண்டை நினைவுக்கு வந்தது. அத்தானின் தலைக்கு மேலே எக்கி, பொத்தானைக் குத்தினாள்.

"டாக்டரம்மா! வாயைப் பாருங்க! மேல் பல்லு ரெண்டு கட்டினது! கழட்டற பல்லு!"

இன்டர்காம் திறந்துகொண்டதில் உள்ளே மானிட்டர் சத்தம் மட்டும் கேட்டது. பீப், பீப் என்று. உடம்பில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். படிக்கட்டில் யாரோ ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குவதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. ஊசி ஏற்கெனவே ஏறிவிட்டது. காற்று போகவில்லை.

"மாஸ்க்ல காத்து போக மாட்டேங்குது" என்று ஒரு குரல். "வாயாம்! வாயைத் திற! லைட்டை இங்க பிடி! இடுக்கி!" இது டாக்டரம்மா.

சத்தம் இன்னும் ஒரு படி இறங்கியது. அத்தான் எழுந்து நின்றுவிட்டார். அவருக்குச் சுருதி புரியாது. கிலியம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, தன் மூச்சை விட்டால் அக்காவுக்கு இல்லாமல் போய்விடுமோ என்பதுபோல அடக்கி வைத்திருந்தாள். இன்னொரு படி. அதற்குக் கீழே அவள் இதுவரை கேட்டதில்லை.

உலோகக் கிண்ணத்தில் ஏதோ விழுந்து கிணுங்கியது.

பிறகு அந்தச் சத்தம் மெல்ல, மிக மெல்ல, ஏற ஆரம்பித்தது.

"எடுத்தாச்சு, கிலி" என்றாள் நர்ஸ் இன்டர்காமில். "அடித் தொண்டைக்குப் போயிருந்துச்சு. இப்ப மூச்சு நல்லா போகுது."

கிலியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஸ்ட்ரெச்சர் அண்ணன் தண்ணீர் கொண்டுவர ஓடினார். அத்தான் அவள் பக்கத்தில் குந்தினார். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

"அத்தான்..."

"ரெண்டுதானா?" என்றார் அவர்.

"என்னது?"

"பல்லு. நான் மூணுன்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, மூஞ்சியைப் பார்த்தே பிழைக்கிறவன் நான். வெளிச்சம் பட்டா எந்தப் பல்லு எப்படி மின்னும்னு எனக்குத் தெரியாதா? மறைக்கணும்னு இவ்வளவு பாடுபடறாளே, கெடுப்பானேன்னு விட்டுட்டேன். அது இங்க கொண்டுவந்து விடும்னு தெரியாம போச்சு." எழுந்துகொண்டே சொன்னார்: "நீ ஒண்ணும் சொல்லலை. எனக்கும் காதுல எதுவும் விழலை. சரியா?"

ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டரம்மா அவளை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், முழுக் கதையையும் கேட்டுவிட்டு வறுத்தெடுத்தார். "புருஷன்கிட்டதானே மறைக்கணும்? எங்ககிட்ட ஏன் மறைச்சே? நாங்க ரகசியம் காக்கிறதில்லையா?" டாக்டரம்மாவின் கோபம் பாதியில் வேறு பக்கம் திரும்பியது. "உன் பயத்தை உன்கிட்டயே விட்டுட்டு நிம்மதியா இருந்தோமே, எங்களைச் சொல்லணும். இனிமே ஒருத்தர் பயத்தை இன்னொருத்தர் மாத்தி மாத்திச் சொல்லணும். சர்ஜனும்தான்."

ரெக்கவரி ரூமில் அக்காவுக்கு நன்றாக நினைவு திரும்பிய பிறகு, நர்ஸ் பல்லைக் கழுவி, அவள் கைக்குட்டையிலேயே முடிந்து, திரையை இழுத்துவிட்டு, அவளிடமே மாட்டிக்கொள்ளக் கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பிரிவு முழுக்க அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வார்டில் கிலியம்மா குனிந்தபோது அக்கா பெருமையாகக் காதுக்குள் சொன்னாள்: "பார்த்தியா? நானே கழட்டினேன், நானே மாட்டிக்கிட்டேன். ஈ காக்காவுக்குத் தெரியல. நீதான் சும்மா கிடந்து பயந்தே."

"ஆமாக்கா."

"அவருக்கு மட்டும் தெரிஞ்சுதோ, அப்புறம் நான் உயிரோட இருக்க மாட்டேன்."

அத்தான் கட்டிலின் மறுபக்கம் வந்து நின்றார். "என்ன, எப்படி இருக்கே? எங்க, ஜன்னல்ல இருக்கிற மாதிரி சிரி பார்ப்போம்." அக்கா சிரித்தாள். அவர் அவள் தலைக்கு மேலாகக் கிலியம்மாவை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை தவறினால் போதும், ஒரு கண் சிமிட்டினால் போதும். இனி இந்த இருவருக்கும் நடுவே உட்கார்ந்து எத்தனை வருஷம் சாப்பிட வேண்டும், பேச வேண்டும், சிரிக்க வேண்டும் என்று நினைத்தபோது, இன்னொரு பயம் பெட்டி படுக்கையோடு அவளிடம் வந்து இறங்கியது.

அக்கா கண்ணை மூடினாள். கிலியம்மாவின் விரல் தானாகவே அவள் மூக்கருகே போயிற்று. வெதுவெதுப்பாக மூச்சு வந்தது. போதாமல் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனாள்.

அக்கா அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். "மூக்குக்குள்ளயே விடப் போறியாடி? எடு கையை."