காற்றுக்குத் துண்டு பிடித்தவன்

கால்பந்தில் என் பங்கு என்னவென்று யாராவது கேட்டால், கொடிக்கம்பமாக இருந்தேன் என்று தயங்காமல் சொல்வேன்.

தென்காசியில் ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். எங்கள் கல்லூரி மைதானத்தில் அதை எதிர்த்துக் கோல்கீப்பர் உதைக்கும் பந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு அவரிடமே திரும்பி வரும். படிப்பை முடித்து, செல்போன் கடை வைத்து, தொப்பையும் வைத்த பிறகும் சாயங்காலமானால் நான் அங்கே போய் உட்காருவேன். ஒருநாள் கல்லூரி அணியின் கோச் என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிய, கோட்டுக்கு வெளியே நின்று அதைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஃப்ரீ கிக் எடுக்கும் பையன் முதலில் என்னைப் பார்ப்பான். சரி, துண்டைத்தான் பார்ப்பான். ஆனாலும் அதன் அடியில் நான் இருந்தேன்.

அப்புறம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு தொழில்முறை அணி கோச்சை அழைத்துக்கொண்டது. புதிதாக வந்தவர் காற்றின் திசையைச் செல்போனில் பார்க்கிறார். அந்தப் போனை அவருக்கு விற்றது நான்தான்.

இந்த வருஷம் கோச்சின் ஒப்பந்தம் முடிகிறது என்று தெரிந்ததும், மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. பக்கத்து ஊர் இலஞ்சியில் உள்ள வீட்டை அவர் இன்னும் வாடகைக்கு விடவில்லை, ஸ்கூட்டரை உறை போட்டு வைத்திருக்கிறார், ஆகவே திரும்பி வருவார் என்றது என் கட்சி. எதிர்க்கட்சிக்கு அரிசிக்கடை அண்ணாச்சி தலைவர். எல்லா ஆட்டத்தையும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்.

"இங்கன வந்தா அவருக்கு என்னலே இருக்கு?" என்றார். "நீ துண்டு பிடிக்கணும்னு ஒரு மனுசன் மலையிறங்கி வரணுமா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கடித்த வடையை மட்டும் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அன்றைக்கே பண்பொழி திருமலைக்கோயில் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்: கோச் திரும்பி வந்தால் மொட்டை. அண்ணாச்சி என் தலையை ஒரு சுற்று பார்த்து, பாதி வேலையை முருகன் ஏற்கெனவே முடித்துவிட்டாரே என்றார். பிறகு, சாயம் பூசிய தன் அடர்ந்த முடியைக் கோதியபடி, கோச் அங்கேயே நிலைத்தால் தானும் மொட்டை போடுவதாக அதே முருகனிடம் சொல்லிவிட்டார். ஒரே சாமிக்கு ஒரே டீக்கடையிலிருந்து இரண்டு மனு.

சாரல் நாட்களில் என் கடைக்கு யாரும் வருவதில்லை. வாசலில் நின்று மலையைப் பார்ப்பேன். மேகம் வழிந்து தென்னந்தோப்புகளுக்குள் இறங்கும். காலையில் அங்கே அவர் முடியைக் கலைத்த காற்றுதான் இப்போது என் கடைத் தோரணத்தை ஆட்டுகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒருவர் சார்ஜர் கேட்டு மூன்று முறை கூப்பிட்டதாகப் பிற்பாடு சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முருகனுக்கு நினைவூட்டலாம் என்று யாருக்கும் சொல்லாமல் திருமலைக்குப் போனேன். அதே எண்ணத்தோடு அண்ணாச்சி படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து ஏறினோம். எதிரே பனிமூட்டத்துக்குள்ளிருந்து சந்தனம் பூசிய மொட்டைத்தலை ஒன்று மெல்ல இறங்கி வந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் கோச் என்று தெரிந்தது.

அவருக்கும் ஒரு வேண்டுதல் இருந்திருக்கிறது. அது பலித்த மொட்டை. எந்த வேண்டுதல் என்று நான் யோசிப்பதற்குள் அண்ணாச்சி கேட்டார்.

"இன்னொரு வருசம் அங்கன இருக்கணும்னு கேட்டேன் அண்ணாச்சி. மூணு வருசத்துக்குக் கையெழுத்து வாங்கிட்டாங்க" என்றார் கோச். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை எங்கள் மைதானத்தில் நான் பார்த்ததே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "துண்டு இருக்காலே?"

இருந்தது. ஒருவேளை அன்றே வேண்டுதல் பலித்துவிட்டால் மொட்டைத்தலையை மூடிக்கொள்ளலாம் என்று கொண்டுபோயிருந்தேன். தூக்கிப் பிடித்தேன். சாரலில் நனைந்து கனத்தாலும் கிழக்கே பார்த்துப் படபடத்தது. கோச் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கன ஸ்டேடியத்துக்குள்ள காத்தே வராதுலே" என்றார்.

மொட்டையடிக்கும் இடத்தில் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு உட்கார்ந்தார். முதல் கற்றை விழுந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்கோ ஒரு மயிருக்கும் சேதமில்லை. இருந்த நாலு முடியும் அந்தக் காற்றில் எழுந்து நின்றன. அன்றுதான் முதன்முறையாக ஒரு மொட்டைத்தலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.